பழனிக்குப் போகாத பை

எதை வாங்கினாலும் நாகவல்லி அக்கா முதலில் அதைச் சுண்டுவிரலில் மாட்டித் தூக்கிப் பார்ப்பாள். தூக்குவாளி, குடை, செருப்பு எதுவானாலும் சரி. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறேன். ஒருமுறை அவளைப் பெண் பார்க்க வந்தவர் கூடத்தில் வைத்திருந்த தோல்பையையும் அப்படித் தூக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து, "பை கனமா இருக்கு, ஆளு லேசா இருக்காரு" என்றாள். அது வெளியே கேட்டுவிட்டது. அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது.

அவள் காரைக்குடியில் என் பெரியப்பா சொக்கலிங்க ஆசாரியின் மகள். பள்ளத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். நான் எங்கள் குடும்பத்தின் முதல் பி.ஏ.; வேலை தேடிக்கொண்டிருந்தேன். அதாவது, யார் கூப்பிட்டாலும் கூடப் போகிற நிலையில் இருந்தேன்.

எழுபத்து மூன்றாம் வருடக் கார்த்திகையில் அக்கா கொடைக்கானலுக்கு, ஆசிரியர்களுக்கான மலையேற்ற முகாமுக்குப் போனாள். தன் சுமையைத் தானே தூக்கிக்கொண்டு உச்சிக்குப் போகிறவர்களை அங்கிருந்து இமயமலைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அக்கா கொண்டுபோனது திருச்சியில் வாங்கிய பழைய பட்டாளத்துப் பை. கித்தான் துணி, முதுகுப் பக்கம் வெளியே இரும்புக் குழாய். பாதி மலையில் அந்தப் பை அவளைப் பின்னால் இழுத்து மல்லாத்திவிட்டது. முகாம் அதிகாரி நல்ல மனிதர். "உங்க கால்ல குறை இல்லம்மா, பையிலதான் குறை. மாசியில இன்னொரு முகாம் இருக்கு. வேற பையோட வாங்க. அதுதான் கடைசி" என்றாராம்.

"வாங்கும்போது சுண்டுவெரல்ல தூக்கிப் பாக்கலயாக்கா?" என்று கேட்டேன்.

"பாத்தேன். வெரலு சுளுக்கிக்கிருச்சு. பட்டாளத்துக்காரக தூக்குறாகளேன்னு ரோசத்துல வாங்கிப்புட்டேன்."

மாசிக்குள் பை வேண்டும். இல்லாவிட்டால் இமயமலை இல்லை. பெரியப்பா கானாடுகாத்தானில் கதவு பழுது பார்க்கப் போன வீட்டில், வெளிநாட்டுக் கடை ஒன்றின் விலைப்பட்டியல் புத்தகம் கிடைத்தது. அதில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பை. சட்டம் பைக்கு வெளியே இல்லை. உள்ளே, முதுகை ஒட்டி இருந்தது. சுமை பின்னால் இழுக்காது. இடுப்புப் பட்டை பாரத்தைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் வைத்துவிடும். அக்கா படத்தைப் பெரியப்பாவிடம் நீட்டினாள்.

"அப்பா, பைக்குள்ள சட்டம் வேணும்."

"சட்டம் கோர்ட்டுலல்ல இருக்கும்?"

"மரச்சட்டம்ப்பா. பை நிமிந்து நிக்கணும்."

"அப்படிச் சொல்லு."

எங்கள் ஊர் ஆசாரியிடம் சட்டம் என்று சொன்னால் அவருக்கு ஒரே மரம்தான் தோன்றும். பர்மாத் தேக்கில் இழைத்து, மூலைக்கு மூலை பொளி போட்டுப் பொருத்தி, மேலே ஒரு தாமரையும் செதுக்கிக் கொடுத்தார். "நாலு தலைமுறைக்கு நிக்கும்" என்றார்.

"நான் நிக்கணுமேப்பா" என்று சுண்டுவிரலை நீட்டினாள் அக்கா. சட்டம் அசையவில்லை. இப்போது அதில் எங்கள் வீட்டு முருகன் படம் மாட்டியிருக்கிறது.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பெரியப்பா, பிறகு அவராகவே இரண்டு மூங்கில் பட்டைகளைச் சீவி, அனலில் காட்டி, மகள் முதுகின் வளைவுக்கு வளைத்துக் கொடுத்தார். நெருக்கமான பருத்தித் துணியில் அக்கா பை தைத்தாள்; பட்டைகளின் மேல்நுனி மட்டும் பைக்கு வெளியே, தலைக்கு மேல் வளைந்து நின்றது. பனியில் தொலைந்தால் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று துணிக்குக் காவிச் சாயம் ஏற்றினாள். தண்ணீர் இறங்காமலிருக்க மெழுகு தடவினாள். பை விரலில் தொங்கியது. அன்று சாயங்காலம் தெரு முழுக்க அதை விரலில் தொங்கவிட்டுக்கொண்டே நடந்தாள்.

தை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்குள் மணலை நிரப்பிக்கொண்டு குன்றக்குடிச் சாலையில் நடந்து பழகினாள்; நானும் கூடப் போனேன். பாதம் உரமேற வேண்டும் என்று செருப்பு போடவில்லை. காவித் துணி, தலைக்கு மேல் வளைந்த மூங்கில், வெறுங்கால், தை மாதம், குன்றக்குடிச் சாலை. எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் ஒரே அர்த்தம்தான்: பழனிக்குக் காவடி போகிறது. வண்டிக்காரர்கள் மாட்டை ஒதுக்கி வழி விட்டார்கள். டீக்கடையில் எழுந்து நின்று "அரோகரா" என்றார்கள். நாச்சியாபுரம் பக்கம், குடத்தோடு ஓடி வந்து அக்காவின் காலில் தண்ணீர் ஊற்றினார் ஓர் ஆச்சி. பிச்சையம்மாள் ஆச்சி என்று பிறகு தெரிந்தது.

"ஆச்சி, இது காவடி இல்லீக. பை" என்றாள் அக்கா.

"அடக்கமா அப்படித்தான் சொல்லுவீக. உள்ள என்ன வச்சிருக்கீக?"

"மணலு."

"மணலையா சொமக்குறீக! ஆத்தாடி, என்ன கஷ்டத்துக்கு நேந்துக்கிட்டீகளோ." ஆச்சியின் பார்வை என் பக்கம் திரும்பியது. "இது யாரு?"

"என் தம்பி. பி.ஏ. முடிச்சுட்டுச் சும்மா இருக்கான்."

"அதுக்குத்தானா!" என்று ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆச்சி வீட்டுக்குள் போய், வெள்ளியில் அடித்த ஒரு சின்னக் காலைக் கொண்டுவந்து அக்காவின் கையில் வைத்தார். "எங்க வீட்டு அவுகளுக்கு முழங்கால் வலி விட்டுருச்சு. வேண்டிக்கிட்டது. பழனி உண்டியல்ல சேத்துருங்க தாயி."

மற்றவர்கள் இதைக் காகிதம் போன்ற தகட்டில் செய்வார்கள். இது செட்டியார் வீட்டுக் கால், தடிமனாக இருந்தது.

வழியில், "திருப்பிக் குடுத்துருவோமாக்கா?" என்றேன்.

"காவடி பொய்யின்னு சொல்லி, அவுகளுக்கு வலி திரும்ப வந்துட்டா? கொடைக்கானல்லருந்து எறங்குனா பழனிதானடா. சேத்துருவோம்."

மாசி முகாமில் நடந்ததை அக்கா சொல்லித்தான் தெரியும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மூங்கில் பட்டையின் நுனி பையின் அடித்துணியைக் குடையத் தொடங்கியிருந்தது. துணி கிழிந்தால் பட்டை நழுவும், சுமை பின்னால் இழுக்கும், மறுபடியும் மல்லாக்கத்தான். அட்டையை மடித்து வைத்தாள், நசுங்கியது. பழனியில் சேர்க்கத் துணியில் முடிந்து கொண்டுபோயிருந்த வெள்ளிக்கால் நினைவுக்கு வந்தது. நுனிக்கு அடியில் வைத்து, சுற்றித் தைத்தாள். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. அக்கா உச்சிக்குப் போய்விட்டாள். முகாம் அதிகாரி பையைத் தன் சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்துவிட்டு அவள் பெயரை எழுதிக்கொண்டார்.

பழனி வழியாகத்தான் இறங்கினாள். "பிரிச்சா பை போயிரும். இமயமலைக்குப் போய்ட்டு வந்து சேத்துர்றேன்" என்று பஸ்ஸில் இருந்தபடியே மலையைப் பார்த்துக் கும்பிட்டாளாம். இமயமலைக்குப் போனாள், வந்தாள். அடுத்த வருடமும் கூப்பிட்டார்கள். அதற்கும் அடுத்த வருடம் அங்கேயே ஒரு மலைப்பள்ளியில் வேலை கொடுத்தார்கள். பையோடு போய்விட்டாள்.

எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அதற்கும் வெள்ளிக்காலுக்கும் சம்பந்தமில்லை என்று நான் படித்த படிப்பு சொல்கிறது. ஆனாலும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தபாலில் போடும்போது, பழனி உண்டியலில் ஒரு கால் குறைகிறது என்ற நினைப்பு வராமல் இல்லை.

போன மாதம் பஸ் நிலையத்தில் பிச்சையம்மாள் ஆச்சி என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"தம்பி, வேல கெடச்சுருச்சா?"

"இன்னும் இல்ல ஆச்சி."

"கெடைக்கும். நம்ம காலு பழனிக்குப் போய்ச் சேந்துருச்சுல்ல?"

"மலை ஏறிக்கிட்டே இருக்கு ஆச்சி."

ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மூணு வருசமாவா? பழனி என்ன அம்புட்டு ஒசரமா?"