அம்மனுக்கு ஆர்.ஓ. தண்ணீர்

போன வாரம் ஆற்றுத் திருவிழா. தை ஐந்தாம் நாள் செஞ்சி சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் சங்கராபரணி ஆற்றுக்குக் குளிக்க வரும். எங்கள் தெரு மாரியம்மனும் வந்தாள். ஆறுதான் வரவில்லை!

மழை ஏமாற்றிவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் மணல், கோரை, சீமைக் கருவேலம். தூரத்தில் ராஜகிரிக் கோட்டை மலை மட்டும் எப்போதும்போல நிற்கிறது. கரையில் ஒரு ஃப்ளெக்ஸ் — 'எங்கள் ஆறு, எங்கள் பெருமை'. படத்தில் நுரை பொங்க ஓர் ஆறு, பின்னால் பனிமலை. செஞ்சியில்... பனிமலை!

"இது எந்த ஊர் ஆறு மச்சான்?" என்றேன். ஏழுமலை என் மனைவியின் அண்ணன், விழா கமிட்டித் தலைவர்.

"நம்ம ஆறு காஞ்சி கெடக்குது மாப்ள. அத போட்டோ புடிச்சிப் போட்டா நல்லாவா இருக்கும்?"

சிரிக்கிற நிலையில் நான் இல்லை. அம்மன் ஆற்றில் நனைந்து திரும்பும்வரை எங்கள் தெருவில் யாரும் உலை வைப்பதில்லை. மணி பன்னிரண்டு. மொத்தத் தெருவும் பட்டினி. நனையாமலே அம்மன் திரும்பினால்? அப்படி ஒரு வருஷம்கூட நடந்ததில்லை.

"ஊத்து தோண்டலாமே மச்சான்?"

"கலங்கலா வரும். நம்ம அம்மனுக்கு ஆர்.ஓ. தண்ணியே லாரில வருது!"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆற்றில் குளிக்கத்தானே அம்மன் வந்தாள்? ஆர்.ஓ. தண்ணீர் என்றால் கோயில் வாசலிலேயே பிடித்து ஊற்றியிருக்கலாமே!

லாரி வந்தது. கரையில் நிற்கக் கூடாதா? அம்மன் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று மச்சான் மணலுக்குள் இறக்கச் சொன்னார். பத்தடி போவதற்குள் பின்சக்கரம் பாதி புதைந்துவிட்டது. டிரைவருக்கு டென்ஷன். லோடைக் குறைத்தால்தான் வண்டி ஏறும் என்று, யாரையும் கேட்காமல் வால்வைத் திறந்துவிட்டார். குடத்தோடு நாங்கள் ஓடிப் போவதற்குள் அத்தனை தண்ணீரையும் மணல் குடித்துவிட்டது. இத்தனை வருஷமாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிற நாம், ஆற்றுக்கு ஏதோ திருப்பிக் கொடுத்தது அன்றைக்குத்தான் — அதுவும் வேறு வழியில்லாமல்!

ஆளுக்கு ஆள் கத்தினார்கள். பூசாரி உட்கார்ந்தேவிட்டார்.

"சண்டைய நிறுத்திட்டு இங்க வாங்க சார்..." மணலிலேயே சற்றுத் தள்ளி, சிறுவள்ளிக் கிழங்கு விற்கிற செல்வி அக்கா கூப்பிட்டார். அவர் காலடியில் முழ ஆழத்துக்கு ஒரு குழி. நிறையத் தண்ணீர். "காலையிலேர்ந்து இதுலதான் கெழங்கு கழுவினு இருக்கறேன். ஒருத்தராச்சும் திரும்பிப் பாத்தீங்களா? இன்னாத்துக்கு லாரி?"

பக்கத்திலேயே ஆளாளுக்குக் கையால் தோண்டினோம். முதலில் கலங்கல், இறைக்க இறைக்கத் தெளிவு. சில்லென்ற தண்ணீர். பூசாரி சொம்பில் மொண்டு ஊற்ற, அம்மன் தலையோடு நனைந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. காலடியில் ஆறு இருக்கிறது... நாம் ஃப்ளெக்ஸில் தேடுகிறோம்.

மச்சானும் வெகுநேரம் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷன் உருகிவிட்டார் என்றே நினைத்தேன்.

"மாப்ள, இங்க நல்ல தண்ணி இருக்குது. அடுத்த வருஷத்துக்குள்ள ஒரு போர் போட்டுடலாம்!"

அம்மன் காதில் விழுந்திருக்காது என்று நம்புகிறேன். மேளச் சத்தம் அதிகம்.