ரொமால்ட் அண்ணாச்சியும் மூன்றாம் நம்பர் பாயின்ட்டும்

ரொமால்ட் அண்ணாச்சி இன்று காலை இறந்துவிட்டார். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பாமல் அவர் மகள் ஜெனிக்கே போன் போட்டுக் கேட்டேன்... உண்மைதான்.

அவராக இருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பார். யார் எதைச் சொன்னாலும் இன்னொரு தடவை விசாரிக்காமல் விடமாட்டார்.

தூத்துக்குடி ஹார்பருக்குப் போகிற ரோட்டில் ஒரு கிளியரிங் ஏஜென்சி. அங்கே பதினோரு வருஷம் எனக்கு அடுத்த டேபிள் அவருடையது.

கன்டெய்னர் சீல் நம்பரை நான் படித்துச் சொன்னால் போதாது, போட்டோ வேண்டும் என்பார். போட்டோவைக் காட்டினால், இன்றைக்கு எடுத்ததுதானா என்று கேட்பார்.

அந்த மனிதர் தன் வீட்டு மாடி அறையில் ஒரு ரயில்வேயே வைத்திருந்தார் என்பது ஆபீஸில் எனக்கு மட்டும்தான் தெரியும். பிளைவுட் பலகை மேல் தண்டவாளம், கையகல இன்ஜின், ஹார்பருக்குப் பிரிகிற ஒரு லைன்...

ஞாயிறு பூசை முடிந்து அவர் வீடு திரும்புவதற்குள் நான் ஓட்டப்பிடாரத்திலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவேன்.

தடம் இரண்டாகப் பிரியும் இடத்துக்குப் பாயின்ட் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குட்டி சிக்னல். பச்சை எரிந்தால் வண்டி நேராகப் போகும், மஞ்சள் என்றால் ஹார்பர் லைனுக்குத் திரும்பும்.

பாயின்ட்டுகளைப் பொருத்தியது நான். சிக்னல் ஒயரிங் அவர்.

மூன்றாம் நம்பரில் மட்டும் கோளாறு. பச்சை எரியும். ஆனால் இன்ஜின் ஹார்பர் லைனுக்குள் திரும்பி, அங்கே நிற்கிற வேகன்களில் முட்டிக் கவிழும்.

ஒரு தடவை என்றால் பரவாயில்லை. ஐந்து தடவை. ஐந்தும் நான் இருந்தபோது. நாங்கள் ஓட்டுவதே ஞாயிறு மட்டும்தான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் டீ எடுக்கக் கீழே போவதை நிறுத்திவிட்டார். தன் மனைவியையே மாடிக்குக் கொண்டுவரச் சொன்னார். என்னை அறையில் தனியாக விடுவதில்லை.

ஒருநாள் பார்த்தால் மூன்றாம் நம்பர் ஸ்க்ரூக்கள் மேல் சிவப்பு நெயில் பாலிஷ். யாராவது திருகினால் விரிசல் விடும்.

“எனக்கா அண்ணாச்சி சீல் வச்சிருக்கிய?” என்று கேட்டேன்.

“எல்லாத்துக்கும்தாம்லே.”

“மத்ததுல இல்லியே.”

அவர் இன்ஜினைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம் எனக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. இவரே ஒயரை மாற்றி வைத்து என்னைச் சோதிக்கிறாரோ? என்னை வரவிடாமல் செய்ய இது ஒரு வழியோ? பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் இதே யோசனை.

போவதை நிறுத்தினேன். எட்டு மாதம் பேச்சே இல்லை. பக்கத்துப் பக்கத்து டேபிளில் இருந்துகொண்டு மெயில் அனுப்பிக்கொண்டோம்...

ஒரு திங்கட்கிழமை, துருப்பிடித்த சின்னக் கம்பி ஒன்றை என் டேபிளில் வைத்தார்.

“உப்புக்காத்துல பாயின்ட்ட இழுக்குற இந்தக் கம்பி மாட்டிக்கிடுது. சுவிட்சத் தட்டுனா லைட்டு மாறுது, பாயின்ட் நவுரல. லைட்ட நான் சுவிட்சுக்குல்லா கொடுத்திருக்கேன்... பாயின்ட்டுக்குல்லா கொடுத்திருக்கணும். உன்னப் போயி சந்தேகப்பட்டுட்டேன் பாலு. மனசுல வச்சுக்கிடாத.”

பரவாயில்லை என்றேன். பெரிய மனசு பண்ணியவன் மாதிரி.

அடுத்த ஞாயிறு பலகைக்கு அடியில் இரண்டு பேரும் மல்லாந்து படுத்து ஒயரிங்கை மாற்றினோம். பாயின்ட் முழுசாக நகர்ந்தால்தான் இனி லைட் மாறும். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட வண்டி கவிழவில்லை.

இன்று மதியம் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜெனி ஒரு நோட்டைக் கொண்டுவந்து, உங்கள் பேர் இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை மாமா என்றாள்.

கவிழ்ந்த ஐந்து நாட்களின் தேதிகள், அவர் கையெழுத்தில். நான்கு தேதிகளுக்கு நேராக ‘கம்பி துரு’ என்று இருந்தது.

மூன்றாவது தேதிக்கு நேராக... ‘டீ எடுக்கப் போகும்முன் டார்ச் அடித்துப் பார்த்தேன். பாயின்ட் நேராகத்தான் இருந்தது. பாலு?’

சமாதானமாகி ஆறு வருஷம். இதை எழுதி வைத்துக்கொண்டேதான் எனக்கு டீ கொடுத்திருக்கிறார். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

முதல் இரண்டு தடவையும் அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாவது வாரம் அவர் கீழே இறங்கியதும் பாயின்ட்டை விரலால் தள்ளி வைத்தேன். இன்ஜின் கவிழ்ந்தபோது, ஐயோ என்று அவருக்கு முன்னால் நான்தான் ஓடினேன்.

ஜெனியிடம், ஏதோ பழைய ரிப்பேர் விஷயம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் இங்கே எழுதுவதைப் படித்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

நாளை மாலை நான்கு மணிக்கு அடக்கம்.

அது நான்தான் அண்ணாச்சி... போய் வாருங்கள்.