ஆல்வின் போட்ட துரை மெட்டு

ஆல்வின் கேள்வி ஞானத்தில் ஆர்கன் வாசித்தான் என்று ஆம்பூரில் சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. அவன் நோட்டுப் பார்த்துத்தான் வாசித்தான். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்று தோல் கம்பெனிக்குப் போகத் தொடங்கிய பிறகு, சர்ச்சின் பழைய ஆர்கனிஸ்ட் வீட்டில் சாயங்காலங்களில் உட்கார்ந்து முறையாகக் கற்றுக்கொண்டான்.

கம்பெனியில் அவனுக்குத் தோலைத் தரம் பிரிக்கும் வேலை. மேஜைமேல் விரித்த தோலில் உள்ளங்கையை ஓட்டி, முள்கம்பி கிழித்த தழும்பு எங்கே, உண்ணி கடித்த புள்ளி எங்கே என்று பார்த்து ஒதுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதே கை ஆர்கன் கட்டைகளின்மேல் ஓடும். காலால் மிதித்துக் காற்றடிக்கும் ஆர்கன் அது. துருத்தி கிழிந்தபோதெல்லாம், கம்பெனியில் கழித்துப் போட்ட மெல்லிய ஆட்டுத்தோலைக் கேட்டு வாங்கி வந்து ஒட்டியவனும் அவன்தான்.

ஆனால் ஊரில் அதற்கு ஹார்க்ரோவ் துரை ஆர்கன் என்றுதான் பெயர். ஹார்க்ரோவ் இங்கிலாந்துக்காரர். வெள்ளைக்காரர் காலத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பாட்டு வாத்தியாராக வந்தவர். சர்ச்சில் ஆர்கன் வாசித்தார், நாலு ஞானப்பாட்டுக்கு மெட்டுப் போட்டார், திரும்பிப் போய்விட்டார். அந்த நாலு மெட்டில் எதை வாசித்தாலும் சபை எழுந்து நிற்கும். சட்டம் ஒன்றும் இல்லை. துரை மெட்டு என்றால் நின்று பாடுவது, நம்மவர் மெட்டு என்றால் உட்கார்ந்து பாடுவது. அப்படியே பழகிவிட்டது.

ஆல்வினுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்போது அறுப்பின் பண்டிகைப் பாட்டுக்கு ஒரு மெட்டுத் தோன்றியது. வேலை செய்துகொண்டே முனகிக்கொண்டிருப்பான். பக்கத்து மேஜை நசீர் அகமதுதான் அதை முதலில் கேட்டவர்.

“இன்னா தோஸ்த், காலையில இருந்து ஒரே பாட்டு? முடிவே காணோம்?”

“முடிவுதான் இன்னும் வரல நசீர் பாய்.”

“சீக்கிரம் வரவெய்யி. எனக்கே பாடமாய்டுச்சி. தொழுகையில வாயில வந்துடப் போவுது.”

முடிவும் வந்தது. நாலு குரலுக்கும் பிரித்து எழுதி, பாடகர் குழுத் தலைவர் அன்பரசனிடம் வாசித்துக் காட்டினான்.

“யார் மெட்டுப்பா இது?”

“நான் போட்டதுண்ணா.”

“நீயா?” அன்பரசன் சிரித்தார். “தோல் கம்பெனியில போட்ட மெட்ட சர்ச்ல பாடுனா வாடை வருமே ஆல்வின்.”

கூடச் சிரித்த பாடகர் குழுவில் பாதிப்பேர் தோல் கம்பெனிக்காரர்கள்.

அடுத்த வருடம் அதே மெட்டை, ஒரு சுரம் மாற்றாமல், மறுபடியும் வாசித்தான். இந்தத் தடவை, “ஆர்கன் பெட்டியில கெடச்சிதுண்ணா. ஹார்க்ரோவ் தொரை போட்டது போல” என்றான். அன்பரசன் கண்ணை மூடிக் கேட்டார். “தொரை தொரைதான்” என்றார்.

பண்டிகையன்று சபை எழுந்து நின்றது. ஆல்வின் வீட்டுக்கு ஓடிவந்து, காய்ச்சலில் படுத்திருந்த அக்கா சுகிர்தத்திடம், “நின்னாங்கக்கா! அத்தினி பேரும் நின்னாங்க!” என்றான்.

நடந்ததை முழுக்கக் கேட்ட சுகிர்தம் எழுந்து உட்கார்ந்தாள். “உனக்காடா நின்னாங்க? பெத்த புள்ளைய ஊரான் பேர்ல எழுதிக் குடுத்துட்டு வந்து பல்ல காட்டுற?”

“ஒரு வாரம் போவட்டும்கா. நல்லா பாடிப் பழகட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்.”

சொல்லவில்லை. நன்றாகப் பாடுகிறார்கள், இப்போது சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தான். கல்யாணத்துக்கு அந்த மெட்டைக் கேட்டார்கள், சாவுக்கும் கேட்டார்கள். வேலூரிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். சொந்த அம்மாவின் அடக்கத்தில் ஆல்வின் அதைத் துரை மெட்டாகவே வாசித்தான்.

இப்படியே முப்பத்தைந்து வருடம் ஓடிவிட்டது. இந்த வருடம் ஆர்கனுக்கு நூறு வயது. சர்ச் சுவரில் ஹார்க்ரோவ் பேரில் ஒரு கல் வைப்பது என்று முடிவானது. அவர் போட்ட மெட்டுகளும் அதில் வரும். நாலு அல்ல, ஐந்து. கல்லில் வெட்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஆல்வின் அக்காவையும் கூட்டிக்கொண்டு அன்பரசன் வீட்டுக்குப் போனான். அன்பரசன் இப்போது சபைச் செயலாளர்.

கேட்டு முடித்த அன்பரசன் கோபப்படவில்லை. அதுதான் மோசம். “வயசாய்ட்டா எல்லாருக்கும் வர்றதுதான். அத்தினி வருஷம் வாசிச்சா நம்மளுதுன்னே தோணும்” என்றார்.

“எந்தம்பி போட்டதுங்க. வீட்ல கூடவே இருந்து கேட்டவ நான்” என்றாள் சுகிர்தம்.

“நீ அக்கா. அப்பிடித்தான் சொல்லுவ. வேற யாரு கேட்டா?”

“மொத வருஷம் நீங்களே கேட்டு சிரிச்சீங்கண்ணா. நசீர் பாயும் கேட்டாரு” என்றான் ஆல்வின்.

“நான் சிரிச்சது வேற மெட்டு. நம்ம கோயில் மெட்டுக்கு மசூதியில இருந்தா சாட்சி கூட்டியாருவ?” பிறகு இரக்கப்பட்டவர்போல, “சரி, அந்த மாதிரி இன்னொண்ணு போட்டுக் காட்டு. கமிட்டியே கேக்கட்டும்” என்றார்.

ஆல்வின் போட்டான். பழையதைவிட நல்ல மெட்டு. சுகிர்தம் தம்பிப் பாசத்தில் சொல்லும் வார்த்தை என்று இதை யாரும் தள்ள வேண்டாம். கமிட்டிக்காரர் ஒருவர் கேட்கும்போதே காலால் தாளம் போட்டார். வாசித்து முடித்ததும் அன்பரசன் தலையாட்டினார்.

“நல்லாதான் கீது. ஆனா தொரை மெட்டுல இருக்கிற கனம் இதுல இல்லியே.”

தாளம் போட்டவரும் ஆமாம் என்றார்.

திறப்பு விழாவன்று கல்லை மூடியிருந்த துணியை பாஸ்டர் விலக்கினார். ஐந்து மெட்டுகள், ஒரே பெயர். ஆல்வின் ஆர்கனை மிதித்து அந்த ஐந்தாவது மெட்டைத் தொடங்கினான். சபை எழுந்தது. மூன்று சரணம் ஒழுங்காகப் போனது. கடைசிச் சரணத்தின் கடைசி வரியில் மெட்டு கீழே இறங்கி முடிய வேண்டும். ஆல்வின் இறங்கவில்லை. மேலே ஏற்றினான். போட்டவனுக்கு அதை மாற்றவும் பாத்தியதை உண்டு. அதைச் சொல்ல யாரும் அவனுக்கு வேறு இடம் விடவில்லை.

ஆர்கன் மேலே போனது, சபை பழக்கத்தில் கீழே போனது. குரல்கள் சிதறின. யாரோ சிரித்தார்கள். பாட்டு பாதி வரியில் நின்றது.

சர்ச் படிக்கட்டிலேயே அன்பரசன் பிடித்துக்கொண்டார். “அந்த மனுஷன் போட்டுக் குடுத்த மெட்ட, அவரு கல்லு முன்னாடியே கெடுத்துட்டியே! கை நடுங்குதுன்னா சொல்லித் தொலைக்கிறதுதான?”

“நடுங்கலண்ணா. வேணும்னுதான் மாத்துனேன்.”

“மாத்த நீ யாரு?”

சுகிர்தம் வாயைத் திறப்பதற்குள் ஆல்வின் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தான்.

அடுத்த ஞாயிறு ஆல்வினுக்குப் பதிலாக, சௌந்தர்யா என்ற கல்லூரிப் பெண் அதே மெட்டைக் கீபோர்டில் வாசித்தாள். கெட்டிக்காரப் பெண், அவள்மேல் குற்றம் இல்லை. கடைசி வரியை எல்லாரும் எதிர்பார்த்தபடி கீழே இறக்கித்தான் வாசித்தாள். ஆல்வின் ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் எல்லாரோடும் எழுந்து நின்றான். வாயைத் திறக்கவில்லை. அவனுக்குப் பாட்டுத் தெரியவில்லை என்று நினைத்து, குடியாத்தத்திலிருந்து வந்திருந்த பக்கத்து ஆள் தன் புத்தகத்தை அவன் பக்கம் நகர்த்தி, வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.