கடைசிக் காட்சியும் கடைசி பஸ்ஸும்

கண்டியில் அந்த இசை நாடகம் நிறுத்தப்படப்போகிறது என்ற செய்தி வந்த அன்று, ரசிகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழு மரண வீடாகிவிட்டது. அழுகிற முகங்கள் வரிசை வரிசையாக வந்து விழுந்தன. ஒருவர் தன் படத்தை எடுத்துவிட்டு வெறும் கறுப்பை வைத்தார். இன்னொருவர், "இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கே போவேன்?" என்று எழுதினார். அவரை எந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் அங்கே பார்த்ததில்லை. கனடாவில் இருக்கும் ஒருவர், கண்டித் தமிழர்கள் கலையைக் கொன்றுவிட்டார்கள் என்று நீண்ட குரல் பதிவு அனுப்பினார். இந்த நாடகம் தன் வாழ்க்கையையே மாற்றிவிட்டதாக உருகி உருகி எழுதிய ஒரு பெண்மணி, கடைசி வரியில், "மண்டபம் எந்த ரோட்டில் இருக்கிறது?" என்று கேட்டிருந்தார்.

நிறுத்துவதற்குச் சொல்லப்பட்டது 'தவிர்க்க முடியாத காரணங்கள்'. அதாவது, கல்யாண சீசன் தொடங்குகிறது, மண்டபம் வேண்டுமாம்.

என் அம்மா பிறப்பதற்கு முன்பே நகரத்து வியாபாரிகள் சிலர் சேர்ந்து போட்ட நாடகம் அது. பழைய பாட்டுகளைத் தேடிப்பிடித்து, புதுப் பட்டுச் சேலைகள் தைத்து, இந்த வருடம் மறுபடி மேடையேற்றினார்கள். கதை சின்னதுதான். மந்திரியின் கோள் பேச்சைக் கேட்டு ராஜா ராணியைக் காட்டுக்குத் துரத்துகிறான். வருடங்கள் கழித்து உண்மை தெரிந்து பல்லக்கு அனுப்புகிறான். ராணி வந்து அரண்மனை வாசலில் நிற்கிறாள். உள்ளே இருந்து ராஜா "வா" என்கிறான். ஆர்மோனியம் ஏறி ஏறி நிற்கிறது.

அந்த இடத்தில் மண்டபத்தின் பின் வரிசைகள் முழுவதும் எழுந்துவிடும். ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து வந்த பெண்கள் நாங்கள் செருப்பைத் தேடி, சாமான் பைகளைத் தூக்கிக்கொண்டு, கதிரைகளை இடித்துக்கொண்டு வெளியே ஓடுவோம். குட்ஷெட் பஸ் நிலையத்தில் எங்கள் கடைசி பஸ் காத்திருக்காது. முன் வரிசையில் இருக்கும் ரசிகர்கள் திரும்பி, ரசனை கெட்ட ஜென்மங்களே என்பது போல ஒரு பார்வை பார்ப்பார்கள். அவர்கள் வீடு நடந்து போகும் தூரம்.

நாடகம் மூன்று மணிக்கு என்றுதான் போட்டிருக்கும். ஆனால் கண்டியில் பிரதம அதிதி இல்லாமல் ஒரு பூனைகூடக் குட்டி போட முடியாது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பிரதம அதிதி. அவர் வரும்வரை குத்துவிளக்கு காத்திருக்கும். வந்தபின் ஐந்து திரியையும் ஐந்து பெரிய மனிதர்கள் ஏற்றுவார்கள். மின்விசிறிக் காற்றில் இரண்டு அணையும். யாருடைய திரி அணைந்ததோ அவர் மறுபடி ஏற்றியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு அவமானம். பிறகு பொன்னாடை, பிறகு உரைகள். ராணியைக் காட்டுக்கு அனுப்பும்போதே எங்கள் பஸ்ஸுக்குப் பாதி நேரம் போயிருக்கும்.

ஆகவே தோட்டத்துப் பெண்கள் யாரும் கடைசிக் காட்சியைப் பார்த்ததில்லை. பஸ்ஸில் வீடு வரும்வரை அதுதான் பேச்சு.

"போயிருப்பா. ராஜா கூப்பிட்டா போகாம?"

"அவ்வளவு செஞ்சவன் கூப்பிட்டா உடனே போயிருவியா நீ?"

"என்னய ராஜா எங்கடி கூப்பிட்டான், எங்க வீட்டுக்காரரு 'ஏய்'னு கூப்பிடுறாரு, அதுக்கே போறேன்."

அம்மா மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார். யாரிடமாவது கேட்டுச் சொல்கிறேன் என்றால் விடமாட்டார். "கேட்டுத் தெரிஞ்சிக்கிறதுக்கு எனக்கு என்ன கண்ணு இல்லயா? நான் பாக்கணும்" என்பார்.

அம்மாவுக்கு அது வெறும் கதை இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கொழும்பில் கடை வேலைக்கென்று போன அப்பா, அங்கேயே தங்கிவிட்டார். அம்மா கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் அதை முழுதாக முடித்தவள் நான்தான். இதை நான் அடக்கமாகச் சொல்லிப் பழகவில்லை. இப்போது கண்டியில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் வேலை. அப்பா போன மாதம் யார் யாரையோ பிடித்து என் நம்பரை வாங்கி, வீட்டுக்குத் திரும்பி வரப்போவதாகச் சொன்னார். அம்மாவின் அக்கா தங்கைகள் எல்லாரும் ஏற்றுக்கொள் என்றார்கள். அம்மாவோ, ஞாயிற்றுக்கிழமை வந்ததும் நாடகத்துக்குப் போகலாம் என்றார்.

கடைசி நாள் என்று அறிவித்ததும் நான் ரசிகர் வட்டத்தின் தலைவரைப் பார்க்கப் போனேன். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து கண்டியிலேயே ஓய்வுபெற்ற ஆசிரியர். நாடகத்தின் மறைவுக்கு இரங்கற்பா எழுதிக்கொண்டிருந்தார்.

"சேர், இந்த ஒரு நாளைக்காவது சரியா மூணு மணிக்குத் தொடங்குங்க. எங்க ஆளுங்க முடிவப் பாத்ததே இல்ல."

"ஓம் பிள்ளை, உங்கட கஷ்டம் எனக்கு விளங்குது. ஆனா கடைசி நாளெல்லோ, இரங்கலுரை ஒரு ஆறு பேர் கேட்டிருக்கினம். அதுகளை வெட்டேலாது."

"அப்ப நாடகத்த வெட்டுவீங்களா?"

அவர் சிரித்துவிட்டு, எனக்கு ஒரு கௌரவம் தந்தார். வரவேற்புரை. மலையகத்தின் படித்த மகள் ஒருத்தி மேடையில் நிற்பது படத்துக்கு நல்லதாம். எல்லாப் பெரியவர்களின் பெயரையும் விடாமல் சொன்னால் போதும் என்றார். நான் ஒத்துக்கொண்டேன்.

கடைசி ஞாயிறு மண்டபம் நிரம்பி வழிந்தது. இத்தனை நாளும் வராத ரசிகர்கள் எல்லாரும் அழுவதற்கென்று வந்திருந்தார்கள். கைக்குட்டையோடு செல்பி எடுத்தார்கள். பின் வரிசைகளில் எங்கள் பெண்கள், பைகளை மடியில் வைத்துக்கொண்டு. மூன்று மணி தாண்டி வெகு நேரமாகியும் பிரதம அதிதி வரவில்லை. வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். எப்போதும் வந்துகொண்டிருப்பதுதான் அவர்களுடைய வேலை.

சும்மா இருக்கும் நேரத்தில் வரவேற்புரையையாவது முடிக்கலாம் என்று என்னை மேடைக்கு அனுப்பினார்கள். நான் ஒலிவாங்கியைப் பிடித்து, ஒரு பெயரையும் சொல்லாமல், நேரே விஷயத்துக்கு வந்தேன்.

"இந்த நாடகத்தின் முடிவைப் பார்க்காதவர்கள் கையை உயர்த்துங்கள்."

பின் வரிசைகளில் கைகள் எழும் என்று எனக்குத் தெரியும். முன் வரிசைகளிலும் நிறையக் கைகள் எழுந்தன. கறுப்புப் படம் வைத்தவரும் கையைத் தூக்கினார். தூக்கிய பிறகுதான் யோசித்திருப்பார், உடனே தலையைச் சொறிந்தார்.

"அப்படியென்றால் கடைசிக் காட்சியை முதலில் போடச் சொல்லிக் கேட்கிறேன். அதற்குப் பிறகு விளக்கை ஏற்றுவோம். பேசுவோம். அழுவோம்."

மண்டபம் கொதித்தது. "கலைக்கு அவமானம்!" என்றார் ஒருவர். "முடிவ முதல்ல போட்டா நாடகம் எதுக்கு?" என்றார் இன்னொருவர். தலைவர் மேடை ஓரத்தில் இருந்து, "பிள்ளை, இறங்கி வாங்கோ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். பின்னால் இருந்து எங்கள் பெண் ஒருத்தி, "ஏன் சேர், நீங்க நாடகத்துக்கு முன்னாடியே அழுதுட்டுத்தானே இருக்கீங்க!" என்றாள்.

ஆர்மோனியம் வாசிப்பவர் நகரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர். அவர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சரி மகள், எனக்கென்ன? பாட்டு எங்க இருந்து தொடங்கினாலும் பாட்டுத்தான்" என்று துருத்தியை அமுக்கினார். ராணி வேடம் போட்டவர் திரைக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தார். பன்வில பக்கத்துத் தோட்டப் பிள்ளை, இப்போது வங்கியில் வேலை. "எங்கம்மாவும் இத பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு, கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு வாசலில் வந்து நின்றார்.

ராஜா "வா" என்றான். எங்களில் பாதிப் பேர் பழக்கத்தில் எழுந்துவிட்டோம். பிறகு வெட்கப்பட்டு உட்கார்ந்தோம்.

ராணி நீண்ட பாட்டு ஒன்று பாடினாள். காட்டில் பட்டதை எல்லாம் சொன்னாள். ராஜா ஒரு வரியில் மன்னிப்புக் கேட்டான். ராணி அவன் காலைத் தொட்டு வணங்கி உள்ளே போனாள். அவ்வளவுதான். திரை விழுந்தது.

அந்த நேரம் பார்த்துப் பிரதம அதிதி உள்ளே வந்தார். விழுகிற திரையைக் கண்டதும் நாடகம் முடிந்துவிட்டதென்று நினைத்து, எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார். யாரும் திருத்தவில்லை. அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முழு நாடகத்தையும் கண்ணிமைக்காமல் பார்த்ததாகவும், இந்த முடிவைத் தன்னால் மறக்கவே முடியாதென்றும் உருக்கமாகப் பேசிவிட்டு, அடுத்த விழாவுக்குப் போனார். என் வாழ்க்கையில் கேட்ட மிகச் சிறிய உரை அதுதான்.

பிறகு, பிரதம அதிதியே போய்விட்டதால் சுருக்கமாக, விளக்கு, இரங்கலுரைகள், இரங்கற்பா. அதற்குப் பிறகு நாடகம் முதலில் இருந்து நடந்தது. ராணி மறுபடி வாசலுக்கு வந்து நின்றபோது நாங்கள் வழக்கம்போல எழுந்து, செருப்பைத் தேடி, கதிரைகளை இடித்துக்கொண்டு ஓடினோம். முன் வரிசை வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தது.

பஸ்ஸில் யாரும் அதிகம் பேசவில்லை. "காலத் தொட்டுட்டாளே" என்று ஒருத்தி மட்டும் சொன்னாள். "பாட்டு நல்லா இருந்திச்சு" என்றாள் பக்கத்தில் இருந்தவள், ஆறுதல் போல. என் போனில் ரசிகர் வட்டம் கொந்தளித்துக்கொண்டிருந்தது. 'சிலர்' நாடகத்தின் கடைசி நாளைக் கொச்சைப்படுத்திவிட்டார்களாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே என்னைக் குழுவில் இருந்து நீக்கிவிட்டார்கள்.

தலாத்துஓயா தாண்டியதும் அம்மா வாயைத் திறந்தார்.

"அவ அரண்மன வாசல்ல போயி நின்னா. வேற என்ன செய்வா? எடம் அவனோடது."

அம்மா ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"நான் எங்கயும் போகலயே. உங்கப்பா இல்ல வரப்போறாரு? வாசல் என்னுது." பையில் இருந்த காய்கறியை மடியில் சரியாக வைத்துக்கொண்டார். "வரச் சொல்லு. வந்து வாசல்ல நிக்கட்டும். பேச வேண்டியத நின்னுக்கிட்டே பேசட்டும். அப்புறம் நான் பாத்துக்கிறேன்."

நான் போனை எடுத்து அப்பாவுக்கு எழுதத் தொடங்கினேன். 'தாங்கள் வருகை தருவது குறித்து அம்மா அவர்களின் நிலைப்பாடு' என்று அலுவலகப் பழக்கத்தில் ஆரம்பித்து, அதை அம்மாவுக்கு வாசித்தும் காட்டினேன்.

"இவ ஒருத்தி" என்றார் அம்மா. "வரவேற்புரை எல்லாம் வேணாம். நிக்கணும்னு மட்டும் போடு."