பிரசவத்துக்கு ஒரு ஒத்திகை

கொடைக்கானலுக்கு மேலே, மன்னவனூரில் மாடி அறைக்கும் வெந்நீர்க் குழாய் இழுத்து முதலில் வீடு கட்டியவன் நான். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் வருகிறவர் போகிறவர்களிடம் என் மனைவி சொல்லிவிடுவாள். நான் பக்கத்தில் அடக்கமாக நின்றால் போதும். அவள் போய்ச் சேர்ந்த பிறகு என் பெருமையைப் பேசும் வேலையும் என் தலையில் விழுந்தது.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். உருளைக்கிழங்கு மூட்டையை முதுகில் சுமந்தேன். பிறகு அந்த மூட்டைகளை ஏற்றும் லாரியை வாங்கினேன். அப்புறம் அந்தக் கிழங்கு விளைந்த காட்டையே வாங்கினேன். இன்றைக்கு என் காட்டு கேரட் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இறங்கினால், மூட்டையைப் பிரிக்காமலே விலை வைக்கிறார்கள். யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவும் சம்பாதித்துக் கட்டிய வீட்டில் பேசுவதற்குத்தான் ஆள் இல்லை. மகன் கேரட் லோடோடு கீழே போனால் இரண்டு நாள் கழித்துத்தான் முகம் தெரியும். மருமகள் பழனிக்காரி. அவள் அப்பாவுக்கு அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை. நல்ல பெண்தான், ஆனால் என்னிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். வீட்டில் சத்தம் என்று இருந்தது என் பேத்தியின் சத்தம் மட்டும்தான். அப்போது அவளுக்கு நாலு முடிந்து ஐந்து நடந்துகொண்டிருந்தது.

மருமகள் இரண்டாவது முறை உண்டானபோது நான் உள்ளுக்குள் துள்ளினேன். எங்கள் பக்கத்து வழக்கத்தில் தலைப்பிரசவம் பெண்ணின் தாய் வீட்டில், இரண்டாவது புருஷன் வீட்டில். முதல் பேத்தி பழனியில் பிறந்தாள். ஒரு தடவை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான். ஐந்தாம் மாதம் என் வீட்டுக்கு வந்தபோது அவளுக்குச் சிரிக்கத் தெரிந்திருந்தது. வேறு யாரையோ பார்த்துக் கற்றுக்கொண்ட சிரிப்பு அது. இந்தக் குழந்தை என் வீட்டில் கண் விழிக்க வேண்டும், முதல் சிரிப்பு எனக்கு வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அது என் உரிமை என்றும் நினைத்தேன்.

வீட்டில் பெரிய பொம்பளை இல்லை என்று யாரும் குறை சொல்லிவிடக் கூடாதே என்று, அந்த வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். விடிவதற்குள் எழுந்து பாய்லருக்கு விறகு வைப்பேன். கீழ் அறை ஒன்றைப் பேறுகாலத்துக்கென்று ஒதுக்கி, குளிர் ஏறாமல் தரையில் பலகை பாவினேன். ஜன்னல் இடுக்கையெல்லாம் அடைத்தேன். சமையலும் நான்தான். ஒரு காலத்தில் லாரி ஆட்களுக்கே பொங்கிப்போட்ட கை இது.

"மாமா, விடுங்க, நான் பாத்துக்கிறேன். யாராவது பாத்தா என்னைய என்ன நெனப்பாக?" என்பாள் மருமகள்.

"குடுத்து வச்சவனு நெனப்பாக. நீ உக்காரு."

உட்கார்ந்து சாப்பிடுவாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். நன்றாயிருக்கிறதா என்று கேட்டால், "நல்லா இருக்கு மாமா" என்பாள். பேத்திதான் போட்டு உடைப்பாள். "தாத்தா, ரசம் கடல் மாதிரி இருக்கு."

"நீ எங்கடி கடலைக் கண்ட?"

"டிவில."

எங்கள் வீட்டில் போன் டவர் கிடைக்காது. பாலத்தைத் தாண்டி ரோடு மேலே ஏறுகிற திருப்பத்தில்தான் கிடைக்கும். மருமகள் சாயங்காலம் சால்வையைப் போர்த்திக்கொண்டு அங்கே நடந்து போய் அவள் அம்மாவிடம் பேசுவாள். ஒரு நாள் நான் ஜீப்பில் திரும்பி வரும்போது பார்த்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஜீப்பைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஓரமாக ஒதுங்கினாள். நானும் நிறுத்தாமல் வந்துவிட்டேன்.

ஏழாம் மாதம் சம்பந்தியம்மா, அதாவது மருமகளின் தாயார், பலகாரத் தூக்கோடு வந்து இறங்கினார். வந்தவர் பலகை பாவிய அறையைப் பார்த்தார், குழாயைத் திருகி வெந்நீரைத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் பார்த்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணே, நான் ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்கக் கூடாது. பிள்ளையைக் குளிப்பாட்டக் காலை நீட்டி உக்காரப் போறது யாரு? நீங்களா?"

"ஏன், எனக்குக் காலு இல்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் விடவில்லை.

"பெத்தவளுக்கு முதுகு தேச்சு வெந்நி ஊத்தணுமே, அது யாரு?"

ஆள் வைக்கிறேன் என்றேன். பிறகுதான் அவர் உண்மையான விஷயத்துக்கு வந்தார். முதல் பிரசவம் ஆபரேஷன். இரண்டாவதுக்கு வலி கண்டதும் ஆஸ்பத்திரிக்குள் இருக்க வேண்டும் என்று, எங்கள் ஊருக்கு வரும் நர்சம்மாவும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"அதுக்குத்தான் ஜீப்பு வாசல்லயே நிக்குதே. கண்ணை மூடிக்கிட்டுக் கொடைக்கானல் கொண்டுபோய்ச் சேத்துருவேன்."

"கண்ணைத் தொறந்துக்கிட்டே ஓட்டுங்கண்ணே. பின்னால படுத்திருக்கப் போறது எம் மக."

மகனைக் கேட்டால், "அவளையே கேளுங்கப்பா" என்றான். மருமகள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "மாமா எப்படிச் சொல்றாகளோ அப்படி" என்றாள். முடிவு என் கைக்கு வந்துவிட்டது. மாதக் கடைசியில் வருகிறேன், அதற்குள் யோசித்துச் சொல்லுங்கள் என்று சம்பந்தியம்மா பஸ் ஏறினார்.

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? ஜீப் ஓட்டுகிற எவனும் அந்த ரோட்டில் என்னை முந்தியதில்லை. ஆனாலும் வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுவது என் பழக்கம். ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டால் சம்பந்தியம்மா முகத்துக்கு நேரே சொல்லலாமே என்று தோன்றியது. மே மாதம், சனிக்கிழமை. மற்ற நாளெல்லாம் காட்டில் வேலை என்பதால் அந்த நாளை எடுத்துக்கொண்டேன். நாங்கள் மேல்மலைக்காரர்கள், சீசனுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?

பின்னால் மெத்தை விரித்து, என் தலையணையையும் போட்டேன். மருமகளிடம் ரொட்டி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பேத்தியை ஏற்றிக்கொண்டேன்.

"ஏத்தா, நீதான் அம்மா. உனக்கு இப்ப வலி வந்துருச்சு. படு."

"எங்க வலிக்கணும்?"

"வயித்துல."

"தாத்தா ரசம் குடிச்சதாலயா?"

தலையணையை கவுனுக்குள் திணித்துக்கொண்டு படுத்தாள். பள்ளத்தில் ஜீப் குலுங்கும்போதெல்லாம் "ஐயோ அம்மா" என்று கத்தினாள். பூம்பாறை வரைக்கும் நான் சொன்ன மாதிரியே வந்தேன். காட்டுக்குள் மூட்டமாக இருந்தது, அதையும் மதிக்கவில்லை. கொடைக்கானல் நெருங்குகிற வளைவில் திரும்பினேன். முன்னால் கார்கள் நின்றன. அதற்கு முன்னாலும் கார்கள். வேன், பஸ், மறுபடி கார். மலை விளிம்பு நெடுக ஒரே வண்டி. எதுவும் நகரவில்லை.

ஹாரன் அடித்தேன். எல்லோரும் அடித்தார்கள். இறங்கி முன்னால் நடந்து, ஒரு காரின் கண்ணாடியைத் தட்டினேன்.

"தம்பி, வண்டியைக் கொஞ்சம் ஒதுக்குங்க. பிரசவக் கேசு."

"ஒதுங்கறதுக்கு எடம் எங்க இருக்கு, பெரியவரே? அந்தப் பக்கம் பள்ளம்."

"நான் மன்னவனூரு. பேரைச் சொன்னா இந்த ரோட்டுல எல்லாருக்கும் தெரியும்."

"மன்னவனூரா? அது எங்கங்க இருக்கு?"

பக்கத்து சீட்டில் இருந்த பெண் பதறி இறங்கி என் கூடவே ஓடி வந்தாள். ஏதோ உதவி செய்யத்தான் வந்தாள், பாவம். ஜீப்பின் பின்னால் எட்டிப் பார்த்தாள். என் பேத்தி தலையணையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எனக்குப் பாப்பா வரப்போகுது" என்றாள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "வயசான காலத்துல இது என்ன வெளையாட்டுங்க?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒத்திகை பார்க்கிறேன் என்று அவளுக்கு விளக்கவா முடியும்?

ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டிகள் ஒரு முழம் நகரும், நிற்கும். பேத்தி கொஞ்ச நேரம் முனகிப் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை என்றதும் தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். பின்னால் சத்தம் நின்றுபோனதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. அது பேத்திதான், தூங்குகிறாள் என்று தெரியும். இருந்தும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

முன்னும் பின்னும் அத்தனை ஜனம். அதில் ஒரு முகம் எனக்குத் தெரிந்த முகம் இல்லை, யாருக்கும் என்னையும் தெரியவில்லை. என் மனைவி பக்கத்து சீட்டில் இருந்திருந்தால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, முதல் வண்டிக்காரனிலிருந்து ஆரம்பித்து வைதே வழி உண்டாக்கியிருப்பாள். அந்தச் சீட்டில் ரொட்டி வாங்கக் கொண்டுவந்த துணிப்பை கிடந்தது. ஏரி கண்ணில் படுவதற்குள் வெயில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வரைக்கும் போகவே இல்லை. சந்து கிடைத்த இடத்தில் வண்டியைத் திருப்பினேன்.

வழியில் பேத்தியிடம், அம்மாவிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று பேசி வைத்திருந்தேன். வாசலில் இறங்கியதும் அவள் ஓடினாள்.

"அம்மா, நான் வண்டியிலேயே பாப்பா பெத்துட்டேன். ஆஸ்பத்திரி வரவே இல்ல!"

மருமகள் அவளைப் பார்த்தாள், தலையணையைப் பார்த்தாள், ஜீப்பில் விரித்திருந்த மெத்தையைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உள்ளே போய் எனக்குச் சோறு எடுத்துவைத்தாள். அன்றைக்கு அவள் சமைத்திருந்தாள்.

இரண்டு வாய் தின்றுவிட்டுச் சொன்னேன். "நாளைக்கு டவர்ல போய் உங்க அம்மாகிட்டச் சொல்லிரு. மாசக் கடைசி வரைக்கும் எதுக்கு? வெள்ளனே வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு."

"மாமா, நீங்க தனியா?"

"எனக்கென்ன? ஒரு மலையவே உழுது தின்னவன். போ, சந்தோஷமாப் போயிட்டு வா."

அவள் தலை குனிந்திருந்தது. அழுகிறாளோ என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது முகத்தில் அன்றைக்குத் திருப்பத்தில் பார்த்த சிரிப்பில் கால்வாசி இருந்தது. "மாமா, ரசத்துக்கு ஒரு சிட்டிகை உப்புப் போதும். நீங்க கையால அள்ளிப் போடுறீக" என்றாள். இத்தனை மாதத்தில் அவளாக என்னிடம் சொன்ன முதல் குறை அது. அதைக் கேட்க எனக்கு நன்றாக இருந்தது, என்ன செய்ய, போகிற நேரத்தில்தான் கேட்கக் கிடைத்தது.

சம்பந்தியம்மா வந்ததும், மகன் எல்லோரையும் பழனியில் கொண்டுபோய் விட்டான். பேத்தி அந்தத் தலையணையையும் எடுத்துக்கொண்டாள். "இது என் பாப்பா" என்றாள். அன்றிலிருந்து நான் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தேன். பிரசவம் நெருங்கியதும் மகனும் பழனியிலேயே தங்கிவிட்டான். ஒட்டன்சத்திரத்துக்கு அங்கிருந்து போய்வருவது சுலபமாம். லோடு ஏற்றி அனுப்புவது மட்டும் என் வேலை.

விடிவதற்குள் எழுந்து பாய்லருக்கு விறகு வைக்கும் பழக்கம் மட்டும் விடவில்லை. எந்த அறையில் குழாயைத் திருகினாலும் ஆவி பறக்க வெந்நீர் வரும். குளிக்க நான் ஒரு ஆள்தான். பலகை பாவிய அறைக்குள் போய் நின்று பார்ப்பேன். குளிர் இல்லை. வேலை சுத்தமாகத்தான் செய்திருக்கிறேன்.

சாயங்காலம் இப்போது நான்தான் திருப்பத்துக்கு நடந்தேன். பேத்தி வீடியோவில் வருவாள். முகத்தைவிட ஃபேன்தான் அதிகம் தெரியும்.

"தாத்தா, இங்க வேர்க்குது."

"இங்க வந்துரு."

"நீ வா."

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திருப்பத்துக்கு ஜீப்பிலேயே போய் நின்றேன். போன் உடனே அடித்தது. மகன்தான்.

"அப்பா, எங்க இருக்கீக? எத்தனை தடவை அடிக்கிறது! பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காக. விடியக்காலைல வலி வந்துச்சு. ஊத்தி வச்ச டீ ஆறுறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குள்ள போயிட்டோம்."

"சரி," என்றேன். "சரிப்பா."

போனை வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டுமே. எதிரே பள்ளத்தாக்கு மூட்டத்தில் மூடிக் கிடந்தது. ஒரு கார் வந்து நின்றது. வெளியூர்க் குடும்பம், போட்டோ எடுக்க இறங்கினார்கள். ஜீப்பில் முதல் நாள் பிடுங்கிய கேரட், தழையோடு கட்டி வைத்திருந்தேன். ஒரு கட்டை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போனேன்.

"கட்டு என்ன விலைங்க?" என்றார் அந்த ஆள்.

லாரி லாரியாக அனுப்பிய என்னிடம் கட்டு விலை கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை.

"விக்கிறதுக்கு இல்லைங்க. எனக்குப் பேத்தி பொறந்திருக்கா. இப்பத்தான். சும்மா சாப்பிடுங்க."

"அப்படியா, சந்தோஷம்" என்று அவர் மனைவி வாங்கிக்கொண்டாள். "குழந்தை எங்க இருக்கு?"

"பழனியில."

"நீங்க இங்க என்ன பண்றீங்க?"

அதுதானே. வீட்டுக்குக்கூடப் போகவில்லை. கதவைச் சாத்தினேனா என்றும் நினைவில்லை. கட்டியிருந்த வேட்டியோடு ஜீப்பைக் கொடைக்கானல் பக்கம் திருப்பினேன்.

சீசன் முடிந்திருந்தது. ரோடு காலியாகக் கிடந்தது. பூம்பாறையில் இரண்டு மாடு குறுக்கே வந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு நான் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வளைவில் ஒரு வண்டி இல்லை, ஒரு நாய் படுத்திருந்தது. ஏரி வந்தது. அதையும் தாண்டி ஆஸ்பத்திரியும் வந்துவிட்டது. நானாக நிறுத்தவில்லை, கால் தானாக பிரேக்கை மிதித்தது.

வாட்ச்மேன் ஓடி வந்து ஜீப்பின் பின்னால் பார்த்தார். மெத்தை அன்று விரித்தபடியே கிடந்தது.

"பேஷண்ட் எங்கங்க?"

"யாரும் இல்லை."

"அப்புறம் எதுக்கு நிக்கிறீக?"

"வந்துட்டேனானு பாத்தேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வண்டியை எடுங்க பெரியவரே, ஆம்புலன்சு வர்ற எடம்."

எடுத்தேன். பெருமாள்மலை இறங்கி, பழனி ரோட்டில் திரும்பினேன்.