ஜமக்காளத்துக்கு அடியில் மூன்று மீன்கள்

புனேயில், எங்கள் ஔந்த் பகுதி வீட்டுக் கூடத்தில், ஒரு ஜமக்காளத்துக்கு அடியில், மூன்று மீன்கள் நான்கு நாள் இருட்டில் கிடந்தன. அந்த ஜமக்காளத்தின் சிவப்புக் கோடுகள்கூட எனக்கு நினைவிருக்கின்றன. அவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் குற்றவாளி நான்தான்.

மீன்கள் என் நாத்தனாருடையவை. பேங்க் உத்தியோகம், கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவர். நாசிக்கிலிருந்து புனேவுக்கு மாற்றலாகி எங்களோடு தங்க வந்தபோது, சாமான்களை எல்லாம் லாரியில் ஏற்றிவிட்டு, அந்த ஏஞ்சல் மீன்களை மட்டும் மூடி போட்ட வாளியில் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருஷங்கள் அவை. கோயம்புத்தூரிலிருந்து அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்த எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அந்த வருஷம் நவராத்திரிக்கு அவர் பயிற்சிக்காக மும்பை போயிருந்தார். கொலுவில் தெப்பக்குளத்துக்குத் தாம்பாளத்தில் தண்ணீர் வைப்பானேன், நிஜக் குளமே வீட்டில் இருக்கும்போது? கூடத்தில் இருந்த அவருடைய கண்ணாடி மீன்தொட்டியை ஒட்டியே கொலுப்படி கட்டினேன். மேலே பெரிய ட்யூப்லைட். கொலு விளக்கை அணைக்கலாமா என்று ஒன்பது நாளும் இரவு பகலாக எரியவிட்டேன். வந்த குழந்தைகள் மீனுக்குச் சுண்டல் வேறு போட்டன. ஊரே மெச்சியது.

திரும்பி வந்த நாத்தனார் கண்டது, தொட்டியெல்லாம் பாசி படர்ந்த பச்சைச் சுவர். மீன் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஒரு வார்த்தை திட்டவில்லை. பழைய ஏடிஎம் கார்டால் கண்ணாடியைச் சுரண்டினார், பாதித் தண்ணீரை மாற்றினார். இரண்டே நாளில் பாசி மறுபடி மூடிக்கொண்டது. மறுபடி சுரண்டினார். மறுபடி வந்தது. நான் கடைக்கு ஓடி பாசியைக் கொல்லும் மருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். அதை வாங்கிப் பரணில் வைத்துவிட்டார்.

“பாசிக்கு வெளிச்சந்தான் சாப்பாடு. அதை நிறுத்திப் பாக்கலாம். மீனுக்கும் நாலு நாளைக்கு ஒண்ணும் போட வேண்டாம்.”

“மீனுங்க தாங்கலைன்னா என்னங்க்கா பண்றது?”

நாத்தனார் காற்றுக்குழாய் மட்டும் ஓடட்டும் என்று விட்டு, ஜமக்காளத்தால் தொட்டியைப் போர்த்தினார். “அரே, ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பாத்தா வெளிச்சம் உள்ள போயிரும். யாரும் தொடாதீங்க.”

எனக்கோ கை பரபரத்தது. காதை வைத்துக் கேட்டால் குமிழிச் சத்தம் மட்டும்தான். அவர் அந்தப் பக்கம் திரும்பாமலே பேங்குக்குப் போனார், வந்தார். என்ன கல்மனசு என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் காலை ஜமக்காளத்தை உருவினார். அடியிலிருந்த கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலத் தண்ணீர் தெளிந்திருந்தது. பாசி வெளிறி உதிர்ந்து கிடந்தது. மூன்று மீன்களும் துடுப்பை விரித்து எங்களைப் பார்த்தபடி நின்றன. ஒரு சிட்டிகை இரை போட்டதும் மேலே வந்து கொத்தின. நாத்தனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஒரு காபி குடு கண்ணு. தலை வெடிக்குது. நாலு நாளாச்சு.”

பேங்கிலேயே குடித்துக்கொள்கிறேன் என்று சொல்லி அந்த நாலு நாளும் டம்ளரைத் தொடாமல் அவர் கிளம்பியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு நாளைக்கு நாலு காபி குடிக்கிறவர்.

“அதுங்க பட்டினியா உள்ள கிடக்குதுங்க. எனக்கு மட்டும் எப்படி எறங்கும்?”

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்குக் காபி கலந்து கொடுத்துவிட்டேன். அந்த ஒரு டம்ளர் காலியாகும்வரைதான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.