சுடுதண்ணீர் குடித்த எஞ்சின்

என் மகன் போன வருடம் ஒரு பழைய டீசல் கார் வாங்கினான். மன்னார்குடியில் பள்ளிக்கூட வாத்தியார் அவன். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனால் பிள்ளைகள் மதிப்பதில்லையாம். வாங்கின மூன்றாம் மாதமே கார் தன் குணத்தைக் காட்டிவிட்டது. ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்தால் காலையில் கிளம்பாது. செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி செத்ததுதான் மிச்சம். நாலு பேர் தள்ளி எப்படியோ உயிர் வந்துவிட்டால், அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. கரும்புகை மட்டும் தெருவை அடைக்கும். மெக்கானிக் வந்து பார்த்தான். எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும், அதற்கு ஆகிற செலவில் இன்னொரு பழைய காரே வந்துவிடும் என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனான். சரிபண்ணுவதா, விற்பதா என்று வீட்டில் ஒரு மாதமாக இதே பேச்சு. சோறு இறங்கவில்லை.

முந்தாநாள் காலை ஆறு மணிக்கே வாசலில் உறுமல் கேட்டது. போய்ப் பார்த்தால் ஆளில்லாமல் கார் ஓடிக்கொண்டு நிற்கிறது. மகன் பக்கத்தில் நின்று பல் விளக்குகிறான்.

"எதுக்குடா சும்மா ஓடுது? டீசல் என்ன ஆத்துத் தண்ணியா?"

"இப்பத்தான் நாலு பேரு தள்ளிக் கெளம்புச்சு, சூடேறட்டும்மா. எட்டு மணிக்குக் குத்தாலத்துலேர்ந்து ஒருத்தர் வண்டி பாக்க வர்றாரு. வர்றதுக்கு முன்னாடி அணைச்சு வெச்சிட்டா ஒரே செல்ஃப்ல எடுத்துக்கும். உனக்கு இதெல்லாம் தெரியாது, உள்ள போ."

எனக்குத் தெரியாதாம்! நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் டீசல் எஞ்சினைச் சூடுபண்ணி இன்னொருத்தர் தலையில் கட்டுகிற வித்தையை ஒன்பது வயதிலேயே என் கையால் செய்தவள் நான். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அதில் வந்த கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா பண்ணையில் கூலி வேலை செய்தவர். அந்த வருடம்தான் முதல் தடவையாக ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்குக் கிடைத்திருந்தது. அதுவும் கடைமடை. மேட்டூரிலிருந்து வருகிற தண்ணீர் மேலே இருக்கிறவர்கள் வயலையெல்லாம் நனைத்துவிட்டு எங்கள் வாய்க்காலுக்கு வரும்போது அதற்கே மூச்சு வாங்கும். அந்த ஆவணியில் வரவே இல்லை. நாற்றங்காலில் நாற்று நுனி கருக ஆரம்பித்தது. ஆற்றில் பள்ளமான ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் நின்றது. அதை இறைத்துப் பாய்ச்சினால் நாற்று பிழைக்கும். நாற்று பிழைத்தால் அப்பா இனி யார் களத்திலும் கைகட்டி நிற்க வேண்டாம். எங்கள் வீட்டில் எல்லாரும் அந்த ஒன்றையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பண்ணையில் ஒரு பழைய ஆயில் எஞ்சின் இருந்தது. டீசல் ஊற்றி, ஹாண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்புவது. புதிதாக ஒன்று வாங்கிவிட்டதால் பழையதைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். எங்களிடம் பணம் ஏது? ஒரு செவலைப் பசு இருந்தது, தலையீற்று, கன்றோடு. பசுவையும் கன்றையும் கொண்டுவந்து கட்டிவிட்டு எஞ்சினை எடுத்துக்கொண்டு போ என்று காரியக்காரர் சொல்லி அனுப்பினார். பண்ணையை நடத்தியதெல்லாம் அந்தக் காரியக்காரர்தான். பண்ணைக்காரரை நான் இரண்டு தடவைகூடப் பார்த்தது இல்லை. காரியக்காரர் குரலைக் கேட்காத நாளும் இல்லை.

எஞ்சினைப் பார்க்க அப்பா வருவதாகச் சொன்ன அன்று, அம்மா பண்ணைக் களத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். நானும் கூடப் போயிருந்தேன். களத்தை ஒட்டியே எஞ்சின் கொட்டகை. காரியக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏ குட்டி, அண்டாவுலேர்ந்து சுடுதண்ணி மொண்டு கொட்டகை வாசல்ல கொண்டாந்து வையி."

"எதுக்குங்க?"

"இஞ்சினுக்குக் குளிர் ஜுரம். சுடுதண்ணி குடுத்தாத்தான் சரியாவும்."

நம்பினேன். எனக்கு ஜுரம் வந்தால் அம்மா சுடுதண்ணீர்தானே கொடுக்கிறாள். இடுப்பில் குடத்தை வைத்து, தொடை சுடச் சுட மூன்று நடை நடந்தேன். எஞ்சின் ஓட்டுகிற ஆள் குடத்தை வாங்கி எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்தான். ஆவி குபுகுபுவென்று வந்தது. காரியக்காரர் ஒரு கை அவலும் ஒரு துண்டு வெல்லமும் கொடுக்கச் சொன்னார். பாவாடையில் ஏந்திக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு வரப்போகிற எஞ்சினுக்கு நானே வைத்தியம் பார்த்துவிட்ட பெருமையில் தின்றேன். அந்த வெல்லத்தை நினைத்தால் இப்போதும் நாக்கு கசக்கிறது.

கொஞ்ச நேரத்தில் அப்பா வந்தார். கூடவே மாமா. மாமா அம்மாவுக்குத் தம்பி, லாரியில் கிளீனராக இருந்தவர், எஞ்சினைப் பற்றி நாலு விஷயம் தெரிந்தவர். அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொட்டகைக்கு வெளியே பூவரச மரத்தடியில் நின்றுவிட்டார். மாமா மட்டும் உள்ளே போய் எஞ்சினைத் தொடப் போனார்.

"டேய், கைய எடு!" என்றார் காரியக்காரர். "மாட்ட ஓட்டியாந்து கட்டு. அப்புறம் தொடு, தூக்கி மடியில வெச்சுக் கொஞ்சு, எவன் கேக்கப் போறான்?"

எஞ்சின் ஓட்டுகிற ஆள் சிரித்தான். மாமா முறைத்துக்கொண்டு நின்றார். அப்போது அப்பா ஓடிப்போய், ஆமாம், ஓடிப்போய், மாமாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். "அவன் லாரில சுத்துற பய, மொறை தெரியாதுங்கய்யா," என்று மாமாவுக்காக மன்னிப்புக் கேட்டார்.

ஹாண்டிலைப் போட்டு ஒரே சுற்று. டபடபவென்று எஞ்சின் பிடித்துக்கொண்டது. குழாயில் ஆற்றுத் தண்ணீர் கொட்டியது. அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்று சாயங்காலமே செவலையும் கன்றும் பண்ணைத் தொழுவத்துக்குப் போயின. மாட்டுவண்டியில் எஞ்சின் எங்கள் வரப்புக்கு வந்தது.

மறுநாள் காலையில் அப்பா ஹாண்டிலைச் சுற்றினார். மாமா சுற்றினார். அக்கம்பக்கத்து வயல்காரர்கள் வந்து மாறி மாறிச் சுற்றினார்கள். ஹாண்டில் திருப்பி அடித்து மாமாவின் மணிக்கட்டு வீங்கியது. எஞ்சின் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. டவுனிலிருந்து மெக்கானிக்கை அழைத்து வந்தார்கள். உள்ளே எல்லாம் தேய்ந்துவிட்டது, மாற்றுவதென்றால் இன்னொரு பசு வேண்டும் என்றார் அவர். அப்பா வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் இவ்வளவு பெரிய ஆட்களுக்கு இது தெரியவில்லை என்று, "அப்பா, அதுக்குச் சுடுதண்ணி குடுங்கப்பா. அன்னைக்கு நாந்தான் மூணு கொடம் கொண்டு போய்க் குடுத்தேன். அப்புறந்தான் ஓடுச்சு," என்றேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா என்னைத் திட்டவில்லை. எழுந்து துண்டை உதறிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பண்ணைக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஓடுனத நீ கண்ணால பாத்தியா இல்லியா?" என்று கேட்டார் காரியக்காரர்.

"பாத்தேங்கய்யா."

"ஒன்ன யாராச்சும் கட்டி வெச்சு வாங்கச் சொன்னாங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்ன? போயி ஆவுற வேலயப் பாரு."

"சரிங்க" என்றார் அப்பா. அவ்வளவுதான். ஒரு வார்த்தை அதிகமாகக் கேட்கவில்லை. தொழுவத்திலிருந்து செவலை என்னைப் பார்த்துக் கத்தியது. அடுத்த நாள் முதல் அம்மா அந்தத் தொழுவத்தில்தான் சாணி அள்ள வேண்டியிருந்தது. எங்கள் மாட்டுச் சாணியை அவர்கள் எருக்குழிக்கு. காரியக்காரர் மேல் எனக்கு வந்த கோபத்தைவிட அந்த "சரிங்க" மேல் வந்த கோபம் பெரிது.

மாமாதான் வழி சொன்னார். "இத ரிப்பேர் பண்றதுக்கு நமக்கு வக்கில்ல மச்சான். வித்துருவோம். அவன் நமக்குச் செஞ்சத நாம இன்னொருத்தனுக்குச் செஞ்சா என்ன, கெட்டா பூடும்? சுடுதண்ணிக்கா பஞ்சம்?"

அப்பா துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார். மாமா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். முத்துப்பேட்டைப் பக்கம் தென்னங்கன்று வைத்த ஒருவருக்கு எஞ்சின் தேவை என்று விசாரித்து, நாளும் குறித்துவிட்டு வந்தார். அன்று காலை அப்பா பண்ணை வேலைக்குப் போய்விட்டார். மாமா வரப்பிலேயே மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தார். அம்மா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு விறகைத் தள்ளிவிட்டாள். நான் மறுபடியும் குடத்தை எடுத்தேன். இந்தத் தடவை எதற்கு என்று எனக்கு நன்றாகத் தெரியும். இந்த எஞ்சின் விலைபோனால் அந்தப் பணத்தில் செவலை திரும்பி வரும். தொடை வெந்தாலும் பரவாயில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினேன்.

முத்துப்பேட்டைக்காரர் ஐந்து கல் தொலைவு நடந்து, புழுதிக் காலோடு வந்தார். சட்டை இல்லை. வந்தவர் நாலு முழம் தள்ளியே நின்றுகொண்டார். துண்டு கக்கத்தில் இருந்தது. எங்களைப் பார்த்து எதற்குக் கக்கத்தில் துண்டு? அது அவருக்குப் பழகிப்போனது. ஒரு பொருளை வாங்க வந்தால் அவருக்கு நிற்கத் தெரிந்த விதம் அது ஒன்றுதான்.

மாமா ஹாண்டிலை மாட்டினார். அந்த நேரம் பார்த்து அப்பா வயலில் இறங்கி வந்தார். எஞ்சினிலிருந்து ஆவி வருவதைப் பார்த்தார். என் இடுப்பில் குடத்தைப் பார்த்தார். பிறகு முத்துப்பேட்டைக்காரரைப் பார்த்தார். அவரைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

"அண்ணே, ஏன் அங்கயே நிக்கிறீங்க? கிட்ட வாங்க."

"இருக்கட்டுங்க. ஓட்டிக் காட்டுங்க, பாத்துக்குறேன்."

"கண்ணால பாத்தாப் போதாதுண்ணே. கைய வெச்சுப் பாருங்க. சும்மா வெய்யிங்க."

அவர் தயங்கித் தயங்கி வந்து எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார். சட்டென்று எடுத்தார். "ஓட்டாமயே இம்புட்டுச் சூடா இருக்கே?"

"சுடுதண்ணி ஊத்தியிருக்கு. பச்சத் தண்ணில கெளம்பாது. உள்ள தேஞ்சு போச்சு. தெரிஞ்சு வாங்குறதுன்னா வாங்கிக்குங்க."

மாமா ஹாண்டிலைத் தூக்கி வாய்க்காலில் எறிந்தார். "மாடும் போச்சு, மண்ணும் போச்சு. இப்ப ஒனக்குத் திருப்தியா மச்சான்?" என்று கத்திவிட்டுப் போனவர் பொங்கல் வரை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. முத்துப்பேட்டைக்காரர் எங்கள் கலயத்தில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அப்பாவின் தோளைத் தொட்டு, "வரேண்ணே" என்று சொல்லிவிட்டு வந்த வழியே நடந்தார். நாற்று காய்ந்தது. எஞ்சின் பழைய இரும்புக்குப் போனது. அப்பா மறுபடியும் பண்ணையில் கைகட்டி நின்றார். ஒரு வாரம் நான் அப்பாவோடு பேசவில்லை. மற்றவர்களிடம் எல்லாம் கைகட்டுகிற மனுஷனுக்கு, எங்கள் பசுவைத் தொலைக்க மட்டும் எங்கிருந்து தைரியம் வந்தது என்று வெந்துகொண்டிருந்தேன்.

முந்தாநாள் ஏழே முக்காலுக்கு மகன் சட்டை மாற்ற உள்ளே போன நேரத்தில், காருக்குள் கையை விட்டுச் சாவியைத் திருகிப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். எட்டு மணிக்குக் குத்தாலத்துக்காரர் வந்தார். சின்ன வயசுப் பிள்ளை, புது மனைவியோடு. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பெயின்டைப் பார்த்தார்.

"பெயின்ட்ட அப்புறம் பாக்கலாம் தம்பி. இஞ்சின் மூடி மேல கைய வெய்யிங்க," என்றேன்.

"சூடா இருக்கேம்மா?"

"ரெண்டு மணி நேரமா ஓட்டிச் சூடுபண்ணி வெச்சிருக்கான் என் புள்ள. நாளைக்கு விடிஞ்சதும் வாங்க, ஆறுன வண்டிய எடுத்துப் பாருங்க. புடிச்சா பேசுங்க."

அவர்கள் போய்விட்டார்கள். மகன் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். எஞ்சினை இறக்கிச் சரிபண்ணட்டும், இல்லையென்றால் உள்ளதைச் சொல்லிக் கிடைக்கிற விலைக்கு விற்கட்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொல்கிறவன்!

ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று. முத்துப்பேட்டைக்காரர் கண்ணுக்கு மறைந்த பிறகு, அப்பா அந்த எஞ்சின் மேல் தன் உள்ளங்கையை வைத்தார். அத்தனை நாளும் ஹாண்டில் சுற்றியிருக்கிறார், எண்ணெய் துடைத்திருக்கிறார். ஆனால் இப்படி வெறுமனே கையை வைத்து அவர் நின்று நான் பார்த்ததில்லை. துண்டு கீழே விழுந்து கிடந்தது, அதைக்கூட எடுக்கவில்லை. சூடு முழுக்க ஆறுகிற வரைக்கும் அப்படியே நின்றார். கெட்டுப்போனது என்று தெரிந்த எஞ்சினில் இன்னும் எதைத் தொட்டுப் பார்க்கிறார் இந்த மனுஷன் என்று, வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அவரை முறைத்தபடி நின்றேன்.